பன்னிரண்டு நகங்கள்

மியூசியத்திலிருந்து வந்த முதல் கடிதம் "ஐயா" என்று தொடங்கியது. ஜே. பர்னபாஸ், பி.ஏ. என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஜே என்றால் ஜூடித் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. கோபம் வந்தது இரண்டாம் பத்தியில்.

"தாங்கள் அனுப்பிய இரண்டு வௌவால் தோல்களும் வந்து சேர்ந்தன. தாங்கள் நினைப்பதுபோல் இது தேன் குடிக்கும் குகை வௌவால் அல்ல. அந்த இனம் பர்மாவில் தொடங்கிக் கிழக்கே ஜாவா வரைக்கும்தான் உண்டு. மைசூர் சமஸ்தானத்தில் கிடையாது. தாங்கள் அனுப்பியது, இந்தியா முழுக்கக் குகைகளில் தொங்கும் சாதாரணப் பழந்தின்னி வௌவால். ஆள்காட்டி விரலில் நகம் இல்லாதது தோலுரித்தபோது ஏற்பட்ட சேதம். மூக்கு நீளமாக இருப்பது தோலை இழுத்துக் காயவைத்ததால். நகங்கள் குறையில்லாத நல்ல மாதிரிகளை அனுப்பினால் மறுபடி பார்க்கலாம். தென்னிந்தியப் பட்டியல் ஜூன் மாதம் அச்சுக்குப் போகிறது."

அவ்வளவுதான். கீழே துணைக் காப்பாளரின் கிறுக்கல்.

விஷயம் இதுதான். பழம் தின்னும் வௌவால்களுக்குக் கட்டைவிரலில் ஒரு நகம், ஆள்காட்டி விரலில் ஒரு நகம், இறக்கைக்கு இரண்டு. கல்லூரியில் நாங்கள் படித்த தடிப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் தேன் குடிக்கும் குகை வௌவாலுக்கு ஆள்காட்டி விரல் மொட்டை. நகமே கிடையாது. பிறக்கும்போதே கிடையாது. அந்த ஒரு நகம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் இனத்தையே பிரிக்கிறார்கள். அது இல்லை என்று நான் காட்டினால், உடைத்துவிட்டாய் என்கிறார் இவர்.

சென்னையில் விலங்கியல் படித்துவிட்டு வந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவே பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். 1904ஆம் வருஷம் ஜனவரியில் வேறொரு வேலை தானாக வந்தது.

அப்பா டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனி. அதன் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் நிலத்தின் ஓரத்தில் ஒரு பழைய குழி இருந்தது. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னால் யாரோ தோண்டிப் பார்த்துவிட்டுப் போனது. அதை மில்லில் மிஞ்சுகிற மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. மூடுவதற்கு முன்னால் பக்கச் சுவர் எப்படி இருக்கிறது என்று பார்க்க அப்பாவை இறக்கினார்கள்.

சாயங்காலம் வந்து சொன்னார். "உள்ள ஒரே வவ்வாலும்மா. ஆயிரம் இருக்கும். மூஞ்சி, மார் எல்லாம் மஞ்சாத் தூளு பூசிக்கினு தொங்குது."

மஞ்சள் தூள் என்றதும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டேன். பழம் தின்கிற வௌவாலின் மூஞ்சியில் மஞ்சள் எங்கிருந்து வரும்? ரயில் பாதையோரம் வேலிக்கு நட்ட கற்றாழை தண்டு விட்டுப் பூத்திருந்தது. ஆஸ்பத்திரி வளைவில் இலவ மரம் பூத்திருந்தது. அது பூந்தூள். பூவுக்குள் மூஞ்சியை விட்டுத் தேனை நக்குகிற வௌவால்.

"நைனா, ரெண்டு பிடிச்சிக்கினு வருவீங்களா?"

"ரெண்டு இன்னா, மூட்டையே கட்டிக்கினு வரேன்."

மறுநாள் கொண்டுவந்தார். ஆனால் சும்மா வரமுடியவில்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிற ஒவ்வொரு ஆளையும் கேட்டில் சோதனை போடுவார்கள். குடுமியை அவிழ்த்து உதறச் சொல்வார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள், சாப்பாட்டுத் தூக்கைத் தட்டிப் பார்ப்பார்கள். தங்கம் போய்விடக் கூடாதல்லவா. அன்றைக்குக் கேட்டில் நின்றது வாட்ச்மேன் தசரதன். நடந்ததை அப்பாவே நடித்துக் காட்டினார்.

"இன்னா பர்னபாஸு, மூட்டையில?"

"வவ்வாலு."

"கொழம்புக்கா?"

"பொண்ணு கேட்டுச்சி."

"பி.ஏ. படிச்ச பொண்ணு வவ்வாலு கேக்குதா? என் பொண்ணு படிக்காமலே வளையலு கேக்குது, போ."

அப்புறம்தான் அவன் வௌவாலின் மார்பைப் பார்த்திருக்கிறான். மஞ்சள். பளபளவென்று மஞ்சள். சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளைக் காகிதத்தில் தட்டினான். தூள் விழுந்தது. பெரிய வாட்ச்மேன் வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒரு தட்டில் தண்ணீர் வந்தது. தங்கமென்றால் அடியில் போய் உட்கார வேண்டும். இது மேலேயே நின்றது.

"மெதக்குது சார்."

"மெதந்தா ஆள வுடு. லைன் நிக்குது."

அந்த இரண்டு வௌவாலைத்தான் உரித்து, உப்பும் படிகாரமும் தடவிக் காயவைத்து அனுப்பினேன். சாராயத்தில் போட்டு முழுசாக அனுப்பியிருந்தால் நாக்கையும் பார்த்திருப்பார்கள். உரிக்கும்போது அதன் வாயிலிருந்து என் விரல் நீளத்துக்கு நாக்கு வந்தது. நுனியில் பிரஷ் மாதிரி மயிர். ஆனால் சாராயப் பாட்டிலைத் தபாலில் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். தோல் மட்டும் போயிற்று.

பதிலை நான் வீட்டில் உரக்கப் படித்தேன். இங்கிலீஷில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். கோபத்தில் சொன்னதால் நானாகக் கொஞ்சம் காரம் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

"நகம் இல்லாத சாமானெல்லாம் வேணாமாம். குறையில்லாமக் கொண்டாந்தா வாங்கிக்குவாங்களாம்."

அம்மா ஃப்ளோரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வவ்வாலுக்கு நகம் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? அதுவா வந்து உன்னாண்ட கேட்டுச்சி?"

"அம்மா, பட்டியல்ல ஒவ்வொரு இனத்துக்கும் கீழ எந்த ஊர்ல கிடைக்குதுன்னு எழுதுவாங்க. இந்த இனத்துக்குக் கீழ இந்தப் பக்கத்து ஊரே இல்ல. கோலார்னு ஒரு சொல் வரணும். அவ்ளோதான்."

"வந்தா?"

வந்தால் என்ன என்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கே முழுதாகத் தெரிந்தது பிறகுதான். ஒரு இனம் பரவியிருக்கும் இடம் என்று அவர்கள் படம் போடுகிறார்களே, அது வௌவால் போன இடமல்ல. துப்பாக்கியும் பாட்டிலுமாக ஏதாவது ஒரு துரை போன இடம். நீலகிரியில் துரை இருந்தார், நீலகிரியில் இருபது வௌவால். பர்மாவில் ஒரு துரை குகைக்குள் விளக்கைக் கொண்டுபோனார், பர்மா அதற்குச் சொந்த ஊராகிவிட்டது. கோலாரில் துரைகள் நிறைய. எல்லாரும் கீழே பார்த்தார்கள், ஒருத்தரும் மேலே தொங்குவதைப் பார்க்கவில்லை. இங்கிருந்து வெளியே போகிற தங்கத்தில் எங்கள் ஊர்ப் பெயர் இருப்பதில்லை. குழியை மூடிவிட்டால் இந்த வௌவாலும் இங்கே இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். மூட ஈஸ்டருக்கு மறுநாள் என்று நாள் குறித்துவிட்டார்கள்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கொறையில்லாம இருந்தா கண்டிப்பா வாங்கிக்குவாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்குது."

"சரி."

மார்ச் கடைசியில் அப்பா ஆறு வௌவால் கொண்டுவந்தார். இந்தத் தடவை தசரதன் தட்டோடு தயாராக நின்றானாம். அதே சமயம் எனக்குக் குளிர் ஜுரம். மூன்று நாளைக்கு ஒரு தடவை உடம்பு கட்டிலோடு சேர்ந்து ஆடும். ஆனாலும் ஆறையும் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். பன்னிரண்டு ஆள்காட்டி விரல். ஒன்றில்கூட நகம் இல்லை. நகம் பிய்ந்த தழும்பும் இல்லை.

"நைனா, நீங்களே உரிச்சிடுங்க. போன தடவ நான் செஞ்சதப் பாத்தீங்க இல்ல? மூக்க இழுக்காதீங்க."

"நீ படு. நான் பாத்துக்கறேன். மரத்தையே பாத்துக்கறேன், மயிரையா பாத்துக்க மாட்டேன்?"

மூன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து செய்தார். தோலைத் துணியில் வைத்துத் தைத்து, பெட்டியும் அவரே அடித்தார். நான் படுத்துக்கொண்டே கடிதம் எழுதினேன். "ஆறு மாதிரிகளிலும் ஆள்காட்டி விரலில் நகம் இல்லை. சேதமில்லை, இயற்கை. நம்பிக்கை இல்லாவிட்டால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவும்" என்று எழுதினேன். இந்தத் தடவை கையெழுத்தை முழுசாகவே போட்டேன், மிஸ் ஜூடித் பர்னபாஸ் என்று. காய்ந்த தோல்களை நான் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. அது என் தப்பு. அதை யார் மேலும் போட மாட்டேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் குழியை மூடத் தொடங்கினார்கள். தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற சயனைட் மண், வண்டி வண்டியாக. ஒரு வாரம் வரைக்கும் பொழுது சாயும்போது வௌவால்கள் அந்த இடத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. குழியின் வாய் எங்கே என்று தேடுகிற மாதிரி இருந்தது. அப்புறம் வரவில்லை.

மே மாதம் இரண்டாம் கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்திலேயே பிரித்தேன்.

"மிஸ் பர்னபாஸ் அவர்களுக்கு. தாங்கள் சொன்ன பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பன்னிரண்டு இறக்கைகளிலும் ஆள்காட்டி விரல் நகம் வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரிகிறது. தாங்கள் தங்கள் மாதிரிகளையே சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு, அதிலும் இளம்பெண்களுக்கு, ஆர்வம் கண்ணை மறைப்பது சகஜம். சாதாரணப் பழந்தின்னி வௌவால் என்ற இனத்துக்குக் கீழே கோலார் என்று சேர்த்துக்கொண்டோம். நன்றி."

மூன்று தடவை படித்தேன். என் கண்ணையே சந்தேகப்பட்டேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜுரத்தில் பார்த்தேனே, இருந்ததை இல்லையென்று நினைத்துவிட்டேனோ? பிறகு முதல் இரண்டை நினைத்தேன். அப்போது ஜுரம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். கையில் கடிதத்தைப் பார்த்ததும் துண்டைக்கூட எடுக்காமல் வந்தார்.

"வாங்கிக்கினாங்களா?"

"நகம் இருக்குதாம் நைனா. பன்னெண்டும் இருக்குதாம்."

அவர் முகம் மலர்ந்தது. "பன்னெண்டும் நிக்குதா? நாலாவது வவ்வாலுல ஒண்ணு கொஞ்சம் கோணலாப் போயிடுச்சி. வழியில வுழுந்துடுமோன்னு பயந்துகினே இருந்தேன்."

நான் அவரையே பார்த்தேன்.

"இன்னா நைனா செஞ்சீங்க?"

"நீதானேம்மா படிச்ச. கொறையில்லாம இருந்தாத்தான் வாங்குவாங்கன்னு. கொம்புச் சீப்புப் பல்லு இருக்குது பாரு, நுனி சன்னமா இருக்கும். அத்த வெட்டி, சூடு காட்டி வளைச்சி, வஜ்ஜரத்துல ஒட்டினேன். கட்டைவெரல் நகத்தப் பாத்துப் பாத்து அதே மாதிரி இழைச்சேன். கண்ணு போயிடுச்சி அதுக்குள்ள."

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "இன்னா சீப்பு?"

அப்பா துண்டைத் தேடினார்.

"என் சீப்பா? அடப் பாவி மனுசா! ரெண்டு மாசமா அந்தச் சீப்ப பக்கத்து ஊட்டு சம்பங்கி எடுத்துக்கினான்னு அவகூட நான் பேசறதே இல்ல! குழாயடியில எல்லாரு எதுருலயும் திருடின்னுட்டேன்!"

"வேற வாங்கித் தரேன் வுடு."

"சீப்ப வாங்கித் தருவ. சம்பங்கிய யாரு வாங்கித் தருவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நைனா, அது ஏமாத்து வேலை!" என்று கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்பாவுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "யாரு ஏமாத்தினது? ஸ்டோர்ல டேவிட்டாண்ட கோடாலிய காம்பு ஒடைஞ்சாப்புல எடுத்துக்கினு போனா வாங்குவானா? தூக்கி எறிவான். நாமளே காம்பு செதுக்கி மாட்டிக்கினு போனாத்தான் கணக்குல பேர அடிப்பான். இருவத்தஞ்சு வருசமா அப்படித்தான் குடுக்கறோம். இன்னா கொறைன்னு சொன்னானோ அத்த நெரப்பினேன். இதுல இன்னா ஏமாத்து?"

"அது குறையே இல்ல நைனா! நகம் இல்லாததுதான் அது! நகம் இல்லன்னாத்தான் அது அந்த வவ்வாலு!"

அவர் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மொதல்ல அனுப்பினதே முழுசா?"

"முழுசு."

"அப்ப அவன்தானே தப்பாக் கேட்டான்?"

அதற்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு பதில்; ஆமாம். என் கோபத்தை வைக்க இடம் இல்லாமல் போய்விட்டது. இந்த மனுஷன் மேல் வைக்க முடியவில்லை. மியூசியம் எட்டாத தூரத்தில் இருந்தது. போய் இன்னொரு வௌவால் பிடிக்கலாம் என்றால் குழி இருந்த இடத்தில் வெள்ளை மண் மேடு. நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பழைய குழிகளைத் தேடினேன். இருந்ததெல்லாம் ஆள்காட்டி விரலில் நகம் வைத்த வௌவால். பூச்சி தின்கிற சின்ன வௌவால். ஒரு குழியில் ஆடு.

முதல் இரண்டைச் சேதம் என்று அவர்கள் அப்போதே தள்ளிவிட்டார்கள். ஆக இருக்கிற சாட்சி அந்த ஆறு தோல்தான். உண்மையை எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. வஜ்ஜிரம் வெந்நீரில் கரையும். ஆறையும் வெந்நீரில் காட்டினால் பன்னிரண்டு நகமும் கழன்று விழும், அடியில் தழும்பு இல்லாத விரல் தெரியும். இதைவிட நல்ல நிரூபணம் கிடைக்காது என்றுகூட நினைத்தேன்.

"மாதிரிகளைத் தயாரித்தபோது நேர்ந்த பிழை காரணமாக" என்று தொடங்கினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"யாரு செஞ்சதுன்னு அதுல இல்லியே?"

"வேணாம் நைனா. கம்பெனிக்குத் தெரிஞ்சா உங்கள நிப்பாட்டிடுவாங்க. கேட்டுல உங்க வாயத் திறந்து பாக்கறவங்க, பொய் நகம் செய்யற ஆளுன்னா விடுவாங்களா?"

"என் பேரு இல்லாட்டி உன் கை வேலைன்னு நெனைப்பான். பொண்ணு பொய் செஞ்சி அனுப்பிச்சின்னு. எழுது. டிம்பர்மேன் பர்னபாஸு ஒட்டினது, தப்புன்னு அவனுக்குத் தெரியாது, பொண்ணு படுத்துக்கினு இருந்துச்சி. அப்படியே எழுது."

அப்படியே எழுதினேன். ஜூன் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டுமென்று அன்றைக்கே தபாலில் போட்டேன்.

பதில் வர ஆறு வாரம் ஆனது. இந்தத் தடவை கடிதம் கனமாக இருந்தது. இரண்டு தாள். நல்ல செய்தி இரண்டு தாள் இருக்கும் என்று முட்டாள்தனமாக நினைத்தேன்.

"தாங்கள் கூறியபடி வெந்நீரில் இட்டோம். நகங்கள் கழன்றன. விரல்களில் தழும்பில்லை. மண்டையோட்டையும் பிரித்துப் பார்த்தோம். இவை ஐயமின்றித் தேன் குடிக்கும் குகை வௌவாலே."

இந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஆயினும் ஒரு முறை கைவைக்கப்பட்ட மாதிரியின் வேறு எந்த விவரத்தையும், அது கிடைத்த இடம் உட்பட, ஏற்பதற்கில்லை. இவை பர்மாவிலிருந்து எவராலோ கொண்டுவரப்பட்டவையாக இருக்கலாம். எனவே இந்த இனத்தின் பரவல் பர்மா முதல் கிழக்கே என்பதில் மாற்றமில்லை. பழந்தின்னி வௌவாலின் கீழ் சேர்த்திருந்த கோலார் என்ற பெயரும் நீக்கப்பட்டுவிட்டது."

பர்மாவிலிருந்து யாரோ கொண்டுவந்தார்களாம். கப்பலில் ஆறு வௌவாலை ஏற்றி, ரயிலில் பௌரிங்பேட்டை வரைக்கும் கொண்டுவந்து, குழிக்குள் இறக்கி, என் அப்பா தலையில் கட்டினார்களாம். வௌவால் கோலாரில் இருந்தது என்பதைவிட அது அவர்களுக்கு நம்பச் சுலபமாக இருந்தது. கடிதத்தைக் கசக்கினேன். இரண்டாவது தாள் இருக்கிறதே என்று மறுபடி பிரித்தேன்.

"வேறொரு விஷயம். அந்த நகங்களை இங்கே மூன்று பேர் பார்த்தும் செயற்கை என்று சந்தேகப்படவில்லை. இத்தனை நுட்பமான கைவேலை எங்களிடம் உள்ளவர்களிடத்தில் இல்லை. தோல்களை நிரப்பி உயிருள்ளதுபோல் நிறுத்தும் பிரிவில் ஓர் இடம் காலியாக உள்ளது. தங்கள் தகப்பனார் வர விரும்பினால் ஆகஸ்டு முதல் தேதி சேரலாம். குடியிருப்பு உண்டு."

என் படிப்பை நம்பவில்லை. என் கண்ணை நம்பவில்லை. நான் சொன்ன ஊரை நம்பவில்லை. பொய் நகம் மட்டும் பிடித்துப்போயிற்று.

வீட்டில் படித்துக் காட்டினேன். முதல் தாளைப் பாதியிலேயே நிறுத்தச் சொன்ன அம்மா, இரண்டாவதைக் கேட்டதும் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"கீழ எறங்கற வேலையில்லியா?"

"இல்லம்மா. மேலதான். மேஜை, நாற்காலி."

"தூசி?"

"பஞ்சு தூசி இருக்கும்."

அம்மா அழத் தொடங்கினாள். அவள் அழுததற்குக் காரணம் எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். பாறை முனகுகிற இடத்துக்கு முதலில் போகிறவன் டிம்பர்மேன். போன வருஷம் அப்பாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் அப்படிப் போய் வெளியே வரவில்லை. அப்பாவுக்கு இரவெல்லாம் இருமல். காலையில் துப்புவதை அம்மா பார்க்காமல் மண்ணைத் தள்ளி மூடுவார். நான் பார்த்திருக்கிறேன்.

"மொத தாளுல இன்னா எழுதியிருக்குது? முழுசாச் சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். பர்மாக் கதையையும் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுது. வரேன்னு எழுது. ஆனா ஒண்ணு. மொதல்ல அந்தப் பொஸ்தகத்துல கோலாருன்னு போடட்டும். வவ்வாலுக்குக் கீழ. போட்டாத்தான் வருவேன். போடாட்டி என் கையி அவங்களுக்குக் கெடையாது."

"இன்னா மனுசன் நீ!" அம்மா எழுந்துவிட்டாள். "சொரங்கத்துக்கு வெளிய ஒரு வேல வருது, உயிரோட இருக்கற வேல! வவ்வாலுக்கு ஊரு வேணுமா உனக்கு?"

"நான் கெடுத்தது ஃப்ளோரா. நான் கையி வெக்காம இருந்தா இந்நேரம் அச்சுல வந்திருக்கும். நான்தான் சரி பண்ணணும்."

"நீங்க கை வெக்காட்டியும் அவங்க போட்டிருக்க மாட்டாங்க நைனா."

"போட்டிருப்பாங்க. நீ எழுது."

அவர் சொல்வதை அவர் நம்பினார். ஸ்டோர்காரன் ஒரு சாமானை ஏற்கவில்லை என்றால் அதைச் சரி செய்து கொடுத்தால் ஏற்பான் என்று நம்புகிற மனுஷன். நான் பேனாவை எடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

இந்த நிபந்தனையை எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு டிம்பர்மேன் மியூசியத்துக்குக் கட்டளை போடுகிறான் என்று சிரிப்பார்கள். வேறு ஆளைத் தேடுவார்கள். அப்பா காலையில் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறிக் கீழே போவார்.

இங்கிலீஷில் நான்கு வரி எழுதினேன். என் தகப்பனார் தங்கள் அழைப்பை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறார், முதல் தேதி வந்து சேருவார், ரயில் விவரம் பிறகு எழுதுகிறேன், தங்கள் கீழ்ப்படிந்த.

"முடிஞ்சிச்சா? படி."

தாளைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னேன். கோலாரில் அந்த வௌவால் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். என் கையால் பிடித்தேன். அதைத் தாங்கள் பட்டியலில் போட வேண்டும். போட்ட பிறகுதான் வருவேன். இப்படிக்கு, பர்னபாஸ். குரல் எங்கேயும் தடுமாறவில்லை.

"நல்லா சூடா எழுதியிருக்கியா?"

"சூடாத்தான் எழுதியிருக்கேன் நைனா."

"அதுக்காகவே போட்டுடுவான் பாரு."

பேனாவை வாங்கி, என் நான்கு வரிக்குக் கீழே தமிழில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மை காயும் வரைக்கும் ஊதினார். நான் மடித்து உறையில் போட்டு ஒட்டினேன். அந்தத் தாளில் கோலார் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. மேலே, வலது மூலையில், எங்கள் விலாசத்தில்.